மணிக்கணக்கு

அமெரிக்க ராணுவத்துக்கு விமானமும் கப்பலும் கட்டிக் கொடுக்கும் பெரிய ஆலைகளைப் பற்றி நம்மவர்கள் ஓரளவு கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த விமானத்துக்கு எண்ணெய் மாற்றவும், படைத்தளத்துப் பண்டகசாலையில் திருகாணிகளை எண்ணி அடுக்கவும், சிப்பாய்களின் உணவுச்சாலையைத் துப்புரவாக வைக்கவும், ஏவுகணைச் சோதனை நடக்கும் பாலைவனத்தில் கருவிகளுக்கு அருகே இரவெல்லாம் கண்விழித்திருக்கவும் ஆள் அமர்த்திக் கொடுக்கும் கம்பெனிகள் என்று ஒரு தனி வர்க்கம் அந்தத் தேசத்தில் இருப்பதும், அவற்றில் சில ஆயிரக்கணக்கான சிப்பந்திகளோடு வளர்ந்து, பிறகு நூறு கோடி டாலர் அளவுக்கு விலை பேசப்பட்டுக் கைமாறியிருப்பதும் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்படிப்பட்ட கம்பெனி ஒன்றில், அது ஒரு கம்பளக் கடையின் மாடியில் இரண்டு அறைகளில் இருந்த காலத்திலிருந்து, விலைபோய்ப் பெயரே மறைந்துபோன நாள் வரைக்கும், அதற்குப் பின்னும் சில வருஷங்கள், கணக்கு எழுதியவன் நான். அந்தத் தொழிலில் எது வளர்கிறது, எதை விற்கிறார்கள், எதை வாங்குகிறார்கள் என்பதை என் கையெழுத்தில் பதிந்த ஏடுகளின் வழியாக அறிந்தவன் என்ற ஒரே உரிமையினால் இதை எழுதத் துணிகிறேன்.

வாஷிங்டன் நகரத்துக்கு எதிரே, பொடோமாக் நதிக்கு இப்பால், ராணுவத் தலைமையகமான பென்டகன் கட்டடத்திலிருந்து மேற்கு நோக்கி ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ், ரெஸ்டன் என்று நீளும் வடக்கு வர்ஜீனியாப் பிரதேசம்தான் இந்தத் தொழிலுக்குத் தாய்வீடு. சென்னையில் காஸ்ட் அக்கவுண்ட்ஸ் பரீட்சை தேறி, உறவினர் ஒருவரின் ஆதரவில் 1981ஆம் ஆண்டு நான் அங்கே வேலைக்கு அமர்ந்தபோது, டல்லஸ் விமான நிலையத்துக்குப் போகும் சாலையின் இருமருங்கிலும் பசுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் ஓய்வு பெற்றபோது அதே நிலங்களில் கண்ணாடிச் சுவர் போட்ட கட்டடங்கள் நின்றன, ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு காண்டிராக்டரின் பெயர் எழுதியிருந்தது. எங்கள் கம்பெனியின் ஸ்தாபகர் விமானப் படையில் இயந்திரப் பராமரிப்பு அதிகாரியாயிருந்து ஓய்வு பெற்றவர். ஹெலிகாப்டர் ஒன்று தலைக்கு மேலே போனால், பேச்சை நிறுத்திவிட்டு அதன் சத்தத்தைச் சற்று நேரம் கேட்பார். பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அவரிடம் அப்போது நாற்பது பேருக்கு மேல் வேலை செய்யவில்லை. பெரிய கம்பெனி எடுத்த ஒப்பந்தத்தில் ஒரு சிறு பகுதியைக் கீழ்க்குத்தகையாகப் பெற்று, ஹெலிகாப்டர் பழுது பார்ப்பதே எங்கள் பிழைப்பு. அந்தத் தேசத்துப் பிரஜையாக ஆகும் வரையில் சில அறைகளுக்குள் நான் நுழைய அனுமதி கிடையாது. கதவின் இப்புறமே நின்று காகிதங்களை வாங்கிக் கொள்வேன். அந்தக் காகிதங்களிலேயே எனக்கு வேண்டியது எல்லாம் இருந்தது.

அந்தக் காகிதத்துக்கு டைம் ஷீட் என்று பெயர். அதை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் சித்தப்பாவின் எம்.புக். சித்தப்பா தஞ்சாவூர் ஜில்லாவில் பொதுப்பணித் துறைக் காண்டிராக்டர். மதகும் பாலமும் கட்டியவர். ஓவர்சியர் நாடாப் பிடித்து அளந்து எழுதும் அந்த அளவுப் புத்தகத்தைச் சிறுவயதில் நான் தொட்டால் கையில் அடி விழும். பக்கங்களுக்கு எண் அச்சடித்திருக்கும். ஒரு தாள் குறைந்தாலும் பதில் சொல்லியாக வேண்டும். அளவு தவறாக எழுதிவிட்டால் ரப்பர் வைத்து அழிக்கவோ, எழுத்தின் மேல் எழுத்தை ஏற்றவோ கூடாது. தவற்றின் குறுக்கே ஒரே கோடு கிழித்து, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி விட்டு, மேலே சரியான அளவை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். “தப்பு பண்ணினது தெரியலாம்டா, தம்பி, மறைக்கத்தான் கூடாது” என்று சித்தப்பா சொல்லுவார். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால், டென்னஸியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக்குக்கு எங்கள் ஸ்தாபகர் முதல்நாள் கற்றுக் கொடுத்த பாடமும் அட்சரம் பிசகாமல் அதுவேதான்: மையில் எழுது, அன்றன்றே எழுது, உன் மணியை நீயே எழுது, தவறினால் ஒரே கோடு, அதன் பக்கத்தில் உன் பெயரின் முதலெழுத்துகள்.

இந்த நிர்ப்பந்தம் ஏன் என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். தொழிலின் மர்மமே இதில்தான் இருக்கிறது. இயந்திரம் செய்கிறவன் இயந்திரத்தைக் காட்டிப் பணம் கேட்கலாம். ஊழியத்தை விற்கிறவன் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? இன்ன மனிதன் இன்ன நாளில் இன்ன ஒப்பந்தத்துக்காக எட்டு மணி நேரம் உழைத்தான் என்ற ஒரு வரி எழுத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. செலவை ஈடுகட்டி அதன்மேல் ஒரு கட்டணமும் கொடுக்கும் ஒப்பந்தங்களில் அந்த வரியே விலைச்சீட்டு. முதல் உலக யுத்தத்தின்போது, செலவில் இத்தனை சதவீதம் லாபம் என்று பேசி வேலை கொடுத்து, செலவு ஏற ஏற லாபமும் ஏறும் விபரீதத்தை அந்தச் சர்க்கார் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. ஆகவே பிற்காலச் சட்டங்கள் அந்த முறையை அறவே விலக்கி, கட்டணத்தை முன்கூட்டியே ஒரு நிலையான தொகையாக நிர்ணயிக்கவும், சாதாரண வேலைகளில் அது மதிப்பிட்ட செலவில் 10 சதவீதத்தைத் தாண்டாதிருக்கவும் விதி செய்தன. பேரம் பேசும்போது காட்டிய செலவுக் கணக்கு உண்மையானது, முழுமையானது, அன்றைய தேதி வரைக்கும் சரியானது என்று காண்டிராக்டர் கையெழுத்திட்டு உறுதி கூற வேண்டும் என்ற சட்டம் 1962இல் வந்தது. 1965இல் ராணுவ ஒப்பந்தங்களைத் தணிக்கை செய்யவென்றே தனி இலாகா ஒன்று பிறந்தது. அதன் அதிகாரிகள் சில நாள் காலையில் முன்னறிவிப்பின்றி வந்து, ஹாங்கர் என்னும் விமானக் கொட்டகையில் வேலை செய்துகொண்டிருப்பவனிடம் நேரே போய், “இப்போது எந்த வேலைக்கு மணி எழுதுகிறீர்கள்?” என்று கேட்பார்கள். அவன் சொல்வதும் ஏட்டில் இருப்பதும் பொருந்தாவிட்டால், எத்தனை பெரிய கம்பெனியாயிருந்தாலும் அதன் தலைமை அலுவலகத்தில் அன்றிரவு விளக்கு அணையாது.

ஒரு மணியின் விலை எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். மெக்கானிக்குக்கு மணிக்கு 10 டாலர் கூலி என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய விடுமுறை, வைத்திய இன்ஷூரன்ஸ், சர்க்காருக்குக் கட்டும் ஓய்வூதிய வரி ஆகியவற்றுக்கு 3 டாலர், அவனை மேற்பார்வை செய்கிறவருக்கும், கருவிக்கும், பயிற்சிக்கும் 4 டாலர், என்னைப் போன்ற கணக்கர்களுக்கும் மாடி வாடகைக்கும் 2 டாலர், ஆக 19. இதற்கு மேல் கம்பெனிக்கு நிற்பது ஒரு டாலரும் சில்லறையும். அந்தச் சில்லறையிலிருந்துதான் அடுத்த டெண்டருக்கு ஆகும் செலவில் ஒரு பங்கையும், சர்க்கார் பணம் வந்து சேரும் வரையில் சம்பளம் கொடுக்க வாங்கிய பாங்குக் கடனின் வட்டியையும் சரிக்கட்டியாக வேண்டும். வட்டியைச் செலவாக ஒப்புக்கொள்வது அவர்கள் விதியிலேயே இல்லை. ராணுவக் காண்டிராக்டர் என்றால் பொன் மழையில் நனைகிறவன் என்று எண்ணுகிறவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். ஆயுதம் செய்பவர்களைப் பற்றி நான் சொல்ல இயலாது. ஆளை அனுப்புகிறவர்களின் தொழில், காசுக்குக் காசு எண்ணிக் கட்டிய தொழில்.

டெண்டர் என்று சொன்னேன். அங்கே புரொபோசல் என்பார்கள். ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம், சர்க்கார் இஷ்டப்பட்டால் மேலும் நான்கு வருஷங்கள், அப்புறம் எல்லோரும் புதிதாகப் போட்டி போட வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. நடுவிலேயே தனக்குச் சௌகரியப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தத்தை முடித்துவிடவும் சர்க்காருக்கு உரிமை உண்டு. சமர்ப்பிக்கும் நாளும் நாழிகையும் குறித்திருப்பார்கள். பிற்பகல் இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான், ஒரு நிமிஷம் பிந்தினாலும் பெட்டியைப் பரிசீலிக்கவே மாட்டார்கள். நாங்கள் முதன்முதலாகச் சொந்தப் பெயரில் போட்டியிட்டது ஒரு பனிக்காலத்தில். மூன்று இரவுகள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. விலைத் தொகுதியின் ஒவ்வொரு எண்ணையும் நான் உரக்கப் படிக்க, ஸ்தாபகரின் மனைவி எதிரே உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டுக் கொண்டே வந்தார்; விடியற்காலம் நான்கு மணிக்கு, ஒரு பக்கத்தில் விடுமுறை நாட்கள் பத்தென்றும் வேறொரு பக்கத்தில் ஒன்பதென்றும் இருப்பதைக் கண்டுபிடித்தவரும் அந்த அம்மாள்தான். முழுத் தொகுதியையும் மறுபடி கூட்டி அச்சிட்டோம். பெட்டிகளை இரண்டு கட்டாகக் கட்டி, இரண்டு கார்களில், இரண்டு வெவ்வேறு பாதைகளில் அனுப்பினார் ஸ்தாபகர். ஒன்று பனியில் சிக்கினாலும் மற்றொன்று போய்ச் சேரட்டும் என்ற யோசனை. முதல் கார் ஒன்றரை மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது கார் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. அந்த ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்தது. நாற்பது பேராயிருந்த நாங்கள் அந்த வருஷத்திலேயே இருமடங்கானோம்.

ரீகன் ஜனாதிபதியாயிருந்த அந்த ஆண்டுகளில் ராணுவச் செலவு பெருகியதனால் எங்களைப் போன்றவர்கள் பலர் வளர்ந்தார்கள். 1984ஆம் ஆண்டு ஏப்ரலில் சர்க்கார் கொள்முதல் விதிகள் எல்லாம் ஒரே தொகுதியாக அமலுக்கு வந்தன. தலையணை கனமுள்ள அந்தப் புத்தகத்தை நான் ஆறு மாதம் பாராயணம் செய்தேன் என்று சொன்னால் மிகையல்ல. 1988இல் “இல் விண்ட்” என்ற பெயரால் நடந்த பெரிய விசாரணை, பென்டகன் அதிகாரிகளுக்கும் காண்டிராக்டர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இடையே நடந்த லஞ்சத்தை வெளிக்கொணர்ந்தது. அதற்குப் பிறகு அதிகாரி ஒருவருக்கு ஒரு கோப்பைக் காப்பி வாங்கிக் கொடுக்கவும் எங்கள் ஆட்கள் தயங்கினார்கள். அது நல்லதற்கே என்பது என் அபிப்பிராயம்.

இதற்கிடையே ஒரு தோல்வியும் எங்களுக்கு நேர்ந்தது. வெற்றிகளைவிட அது எனக்கு அதிகம் போதித்தது. ஐந்து வருஷம் நடத்திய ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் மறுபோட்டியில் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டது. கணக்கை முடித்துக் கருவிகளை எண்ணி ஒப்படைக்க நான் அந்தத் தளத்துக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் பெயர் தைத்த தொப்பியோடு நின்ற அதே ஆட்கள், திங்கட்கிழமை காலை வேறொரு பெயர் தைத்த தொப்பியோடு அதே ஹெலிகாப்டரின் அதே மூடியைத் திறந்துகொண்டிருந்தார்கள். கூலிகூட மாறவில்லை, சேவை ஒப்பந்தங்களில் குறைந்தபட்சக் கூலியைச் சர்க்காரே நிர்ணயிக்கும் சட்டம் 1965 முதல் இருக்கிறது. அவர்களில் மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாங்கள் எங்கேயும் போகவில்லை, நீங்கள்தான் போகிறீர்கள்” என்றார். பரிவோடு சொன்னார். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை. கம்பெனி என்று நாங்கள் எதை நினைத்துக்கொண்டிருந்தோமோ அது வந்து போகும் பொருள். ஹாங்கரில் நின்றிருந்தவர்களே ஸ்திரமானவர்கள்.

இந்தத் தொழிலின் முழுச் சரித்திரத்தையும் ஒரே கம்பெனியின் ஜாதகத்தில் படிக்க வேண்டுமானால் டைன்கார்ப்பின் ஜாதகத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தம் முடிந்து திரும்பிய விமானிகள் சிலர் கூடி, 1946இல் கலிபோர்னியா ஈஸ்டர்ன் ஏர்வேஸ் என்று சரக்கு விமானக் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார்கள். கொரியா யுத்தத்துக்குச் சாமான் ஏற்றிப் போனார்கள். 1951இல் லாண்ட்-ஏர் என்ற பராமரிப்புக் கம்பெனியை வாங்கியதோடு அதன் தலைவிதியே மாறிற்று. பழுதான விமானத்தைப் பணிமனைக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக, விமானம் எங்கே நிற்கிறதோ அங்கே மெக்கானிக்குகளின் குழுவை அனுப்புவது என்ற எளிய யோசனை அந்த ஆண்டுதான் அமெரிக்க விமானப் படையில் ஒப்பந்த வடிவம் பெற்றது. அந்த யோசனையே இந்தத் தொழிலுக்கு வித்து என்று சொல்லுவேன். 1960களின் ஆரம்பத்தில் டைனலெக்ட்ரான் என்று பெயர் மாறி, 1987இல் டைன்கார்ப் ஆயிற்று. மறு ஆண்டே, விரும்பாத ஒருவர் கைக்குப் போய்விடாதபடி, சிப்பந்திகளின் பங்குத் திட்டத்தின் வழியாகக் கம்பெனியை ஊழியர்களே சொந்தமாக்கிக் கொண்டார்கள்.

அப்போது அந்தச் செய்தியை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கூடிப் பேசினோம். பௌதிக விஞ்ஞானியான ராபர்ட் பெய்ஸ்டர் 1969இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் தொடங்கிய சயின்ஸ் அப்ளிகேஷன்ஸ் கம்பெனி, ஊழியர்களுக்கே பங்கைப் பிரித்துக் கொடுத்துப் பெரிதாக வளர்ந்திருந்ததும் எங்களுக்குத் தெரியும். ஸ்தாபகர் சில நாள் மௌனமாயிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தம் பங்கில் மூன்றில் ஒரு பாகத்தை ஒரு டிரஸ்டில் வைத்து, ஒவ்வொரு வருஷமும் சம்பளத்தின் விகிதப்படி எல்லோர் பெயரிலும் எழுதும் திட்டத்துக்குக் கணக்குப் போடச் சொன்னார். நாலைந்து வருஷத்துக்குப் பிறகு, கருவிப் பெட்டியைத் தவிர வேறு சொத்து அறியாத மெக்கானிக்குகள் தங்கள் பங்குச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

சோவியத் ராஜ்யம் கலைந்தபின் காற்று திரும்பிற்று. 1993இல் பென்டகனில் ஓர் இராவுணவுக்கு ஆயுதக் கம்பெனிகளின் தலைவர்களை அழைத்து, இத்தனை பேருக்கு வேலை கொடுக்க இனிப் பணம் இராது என்பதை பாதுகாப்பு இலாகாவின் உப செயலாளர் வில்லியம் பெர்ரி தெளிவாகத் தெரிவித்தார். விருந்தினரில் ஒருவரான நார்மன் அகஸ்டின் அதற்குக் “கடைசி இராப்போஜனம்” என்று பெயரிட்டார். அந்தப் பெயரே சரித்திரத்தில் நிலைத்துவிட்டது. 1994இல் நார்த்ராப்பும் கிரம்மனும், 1995இல் லாக்ஹீடும் மார்ட்டின் மரியெட்டாவும், 1997இல் போயிங்கும் மெக்டானல் டக்ளஸும் ஒன்றாயின. ஆலமரங்கள் இப்படிப் பின்னிக்கொண்டபோது எங்களைப் போன்ற செடிகளையும் தேடி ஆட்கள் வந்தார்கள். அதற்கு ஒரு விசேஷக் காரணமும் இருந்தது. 1994இல் வந்த கொள்முதல் சீர்திருத்தச் சட்டம், ஒப்பந்தம் கொடுக்கும்போது காண்டிராக்டரின் முந்தைய வேலையின் தரத்தை எடைபோட வேண்டும் என்பதை வலியுறுத்தியது. நல்ல பெயரைச் சம்பாதிக்கப் பத்து வருஷம் ஆகும். வாங்க ஆறு மாதம் போதும். இரண்டாவது வழியில் போனவர்களே அதிகம்.

எங்களை வாங்கியவர்களின் பெயரை இங்கே சொல்ல நான் விரும்பவில்லை. 1997ஆம் ஆண்டு கோடையில், மேலங்கியைக் கழற்றாமல் உட்காரும் இளைஞர்கள் நால்வர் எங்கள் கூட்ட அறையில் மூன்று வாரம் தங்கினார்கள். ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் அவற்றின் திருத்தங்களோடு பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்தேன். எந்த ஒப்பந்தம் எந்த வருஷம் மறுபோட்டிக்கு வரும், எத்தனை டாலருக்குச் சர்க்கார் ஏற்கனவே பணம் ஒதுக்கியிருக்கிறது, எத்தனை பேருக்கு ரகசியப் பாதுகாப்பு அனுமதி இருக்கிறது, இவற்றையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஆள்களின் பட்டியலில் பெயர் இருக்காது, எண் இருக்கும். ஒரு நாள் அவர்களில் ஒருவர், நாற்பத்தேழாம் எண்ணுக்கு ஏன் இத்தனை அதிகச் சம்பளம் என்று என்னைக் கேட்டார். அந்த மனிதர் ஹெலிகாப்டரின் கியர்ப்பெட்டி மேல் உள்ளங்கையை வைத்து, எந்தத் தாங்கி தேய்ந்திருக்கிறது என்று சொல்லக் கூடியவர். அவர் இருப்பதால்தான் அந்தத் தளத்து அதிகாரி ஒவ்வொரு மறுபோட்டியிலும் எங்களைப் பற்றி நல்ல வார்த்தை எழுதுகிறார். இதை நான் சொன்னேன். இளைஞர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு குறிப்பும் எழுதாமல் அடுத்த எண்ணுக்குப் போனார். என் உத்தியோக வாழ்வில் எனக்கு உண்மையான துக்கம் விளைந்த தருணங்களில் அது ஒன்று.

விலை படிந்த பிறகும் விற்பனை முடியவில்லை. சர்க்காரோடு செய்த ஒப்பந்தத்தைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது 1862இல், அந்நாட்டு உள்நாட்டு யுத்தத்தின் நடுவே பிறந்த சட்டம். ஒப்பந்தங்களை வாங்கி விற்றுத் தரகு பண்ணுகிறவர்களைத் தடுப்பதே நோக்கம். கம்பெனியின் பங்குகளையே முழுக்க வாங்கிவிட்டால் ஒப்பந்தக்காரர் மாறுவதில்லை, ஆகவே சிக்கல் இல்லை. பழைய வழக்குகளுக்கும் கடன்களுக்கும் பயந்து, பங்கை விட்டுவிட்டு ஒப்பந்தங்களை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்பினால், விற்றவர், வாங்கியவர், சர்க்கார் மூவரும் கையெழுத்திடும் நோவேஷன் என்ற உடன்படிக்கை வேண்டும். எங்கள் வாங்குநர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள். அந்த உடன்படிக்கைக்குக் காத்திருந்த மாதங்களில், விலைபோய்விட்ட கம்பெனியின் பெயரிலேயே நான் பில் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம்தான் லீவில் ஊருக்கு வந்தேன். சித்தப்பாவுக்கு எண்பது வயதாகிவிட்டது. திண்ணையில் சாய்ந்தபடி விஷயத்தைக் கேட்டார். “நிலம் எத்தனைடா?” என்றார். இல்லை என்றேன். “கட்டடம்?” வாடகை என்றேன். “மெஷின்?” கருவி எல்லாம் சர்க்காருடையது என்றேன். “வேலைக்காரங்க?” அவர்களை யாரும் கட்டிப்போட முடியாது, சித்தப்பா, இஷ்டமிருந்தால் நாளைக்கே போகலாம் என்றேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ எம்.புக்கைத்தான்டா வித்திருக்காங்க” என்றார். இந்தத் தொழிலைப் பற்றி நான் கேட்ட எந்த நிபுணரின் விளக்கமும் இதற்கு இணையாகாது.

நோவேஷன் கையெழுத்தான மறுவாரம் புது அடையாள அட்டைகள் வந்தன. டிரஸ்டிலிருந்து மெக்கானிக்குகளுக்கு வந்த தொகை பலருக்கு வீட்டுக் கடனை அடைக்கப் போதுமானதாயிருந்தது. அந்த விதத்தில் ஸ்தாபகர் தம் வாக்கைக் காப்பாற்றினார். வாங்கியவர்கள் காப்பாற்றவில்லை. சேர்ந்திருந்த விடுமுறை நாட்களை மதிப்போம் என்று கூட்டம் போட்டுச் சொன்னவர்கள், எட்டு மாதத்தில் அவற்றைப் பாதியாகக் குறைத்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். நாற்பத்தேழாம் எண் அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தளத்தின் ஒப்பந்தம் மறுபோட்டிக்கு வந்தபோது எங்களுக்குக் கிடைக்கவில்லை.

டைன்கார்ப்பின் கதையும் இதே சாயலில்தான் போயிற்று. 23,000 பேருக்கு மேல் வேலை செய்த அந்த ஊழியர் சொந்தக் கம்பெனியை 2003இல் கம்ப்யூட்டர் சயன்ஸஸ் கார்ப்பரேஷன் சுமார் 95 கோடி டாலருக்கு வாங்கிற்று. அவர்களுக்கு வேண்டியிருந்தது கம்ப்யூட்டர் ஒப்பந்தங்கள். ஆகவே அவற்றை வைத்துக்கொண்டு, விமானப் பராமரிப்பும் வெளிநாட்டு ஊழியமும் செய்த பகுதியை 2005இல் வெரிடாஸ் கேபிடல் என்ற முதலீட்டு ஸ்தாபனத்துக்கு 85 கோடிக்கு விற்றுவிட்டார்கள். 2010இல் செர்பெரஸ் என்ற மற்றொரு முதலீட்டு ஸ்தாபனம் கடன்களையும் சேர்த்து ஏறத்தாழ 150 கோடிக்கு வாங்கிற்று. 2020இல் அமெண்டம் என்ற கம்பெனியோடு கலந்து, 1987இல் பூண்ட அந்தப் பெயரும் மறைந்தது. கலிபோர்னியாவில் விமானிகள் போட்ட வித்து ஐந்தாறு எஜமானர்களைக் கண்டுவிட்டது. விமானம் நிற்கும் இடத்துக்கு மெக்கானிக்கை அனுப்பும் அந்த வேலை மட்டும் 1951இல் இருந்தபடியே இன்றும் நடக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் பத்திரிகைகள் எஜமானரின் பெயரையும் விலையையும் அச்சிட்டன. அவற்றைப் படிக்கும்போதெல்லாம், அந்த வாரம் எத்தனை மெக்கானிக்குகள் டைம் ஷீட்டின் தலைப்பில் புதுப் பெயரைப் பார்த்து ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தியிருப்பார்கள் என்றே என் மனம் எண்ணும்.

இந்தத் தொழிலில் ஒப்பந்தம் முடிந்தாலும் கணக்கு முடிவதில்லை. தணிக்கை பல வருஷங்கள் பின்தங்கி வரும். 2003இல், எங்கள் பழைய பெயரில் திறந்தபடியே கிடந்த கடைசி ஒப்பந்தத்தை மூடுவதற்காகத் தணிக்கை அதிகாரி ஒருவர் வந்தார். ஸ்தாபகர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அதிகாரி தமது மாதிரிப் பட்டியலிலிருந்து ஒரு பெயரையும் 1994ஆம் ஆண்டின் ஒரு வாரத்தையும் சொன்னார். கிடங்கிலிருந்து பெட்டியை வருவித்துத் தாளை எடுத்தேன். செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் எட்டு என்று எழுதி, அதன் குறுக்கே ஒரே கோடு கிழித்து, மேலே ஆறு என்றும், அடுத்த வேலையின் கட்டத்தில் இரண்டு என்றும் எழுதி, பக்கத்தில் பென்சில் போலத் தேய்ந்துபோன நீல மையில் இரண்டு எழுத்துகள் இட்டிருந்தார் நாற்பத்தேழாம் எண். அடியில் இருந்த எட்டு நன்றாகப் படிக்கத் தெரிந்தது. அதிகாரி அதைத் தம் கணக்கோடு ஒத்துப் பார்த்து, தாளின் மூலையில் ஒரு சிறு குறி இட்டு, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். நான் அதை அதன் வாரத்தில் சேர்த்துப் பெட்டியை மூடினேன்.